லினக்ஸை நிறுத்தும் வழிகளும் ஓர் ஆயுத பூஜையும்

கம்ப்யூட்டரை நிறுத்துவதில் என்ன மாமா இருக்கிறது, ஒரு பட்டன்தானே என்று என் அக்கா மகள் கேட்டாள். அவள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறாள். அவள் வேலை செய்யும் சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாதாம். அதை யாரும் நிறுத்தியதும் இல்லையாம். "அப்ப நீங்க கம்ப்யூட்டர் ரூம்ல உக்காந்து என்னதான் பண்ணீங்க?" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காபி ஆறிவிடும், குடித்துவிட்டுப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. திருவொற்றியூரில் ஒரு வார்ப்பட ஆலையில், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். இரும்பை உருக்கி லாரிகளுக்கும் பம்புகளுக்கும் உதிரி பாகம் வார்க்கிற ஆலை அது. கம்ப்யூட்டர் வந்தபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதிக்காக என்னை அந்த அறைக்கு அனுப்பினார்கள். கம்ப்யூட்டருக்கும் கையெழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. ராயபுரத்தில் ஒரு மாடியில் மாலை வகுப்புக்குப் போனேன். பாதி பாடம் மின்வெட்டில் போயிற்று. மீதியை வேலையில் அடிபட்டுத்தான் கற்றேன்.

இரண்டாயிரம் ஆண்டு பிறந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த சமயத்தில், எங்கள் பழைய யூனிக்ஸ் பெட்டியைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டார்கள். புதிதாக ஒன்றும் வாங்கிவிடவில்லை. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டை எங்கள் அதிகாரி ஜெயசீலன் சார் கொண்டுவந்து போட்டார், அவ்வளவுதான். ஸ்டோர்ஸ், லேப், டெஸ்பாட்ச், அக்கவுண்ட்ஸ் ஆகிய இடங்களில் இருந்த பழைய பச்சை எழுத்துத் திரைகள் அப்படியே இருந்தன. எல்லாவற்றுக்கும் உயிர் என் அறையில் இருந்த ஒரே பெட்டிதான். அதை நிறுத்தினால் அத்தனை திரையும் செத்துவிடும். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வருவதெல்லாம் புரியும்.

ஜெயசீலன் சார் நாசரேத் பக்கத்துக்காரர். சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. சட்டையில் பேனா வைத்துக்கொள்ள மாட்டார், கேட்டால் என் பேனாவைத்தான் எடுப்பார். அதிர்ந்து திட்ட மாட்டார். தப்பு செய்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு நம் பக்கத்தில் உட்கார்ந்து, நாம் செய்த தப்பை நம்மையே முதலிலிருந்து சொல்லச் சொல்வார். அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை என்று இருக்கும்.

லினக்ஸ் வந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் 'ஹால்ட்' என்று ஒரே வார்த்தையை அடித்துவிட்டேன். பெட்டி நின்றது. அடுத்த நிமிஷம் ஸ்டோர்ஸிலிருந்து ஆள் கத்திக்கொண்டு ஓடி வந்தார். மத்தியானத்திலிருந்து அவர் ஏற்றிக்கொண்டிருந்த சரக்குக் கணக்கு பாதியில் போய்விட்டிருந்தது. ஜெயசீலன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உள்ள ஆளு இருக்காவளான்னு பாத்தீரா?"

"இல்ல சார்."

"பஸ்ஸுல ஆள வச்சுக்கிட்டே டிரைவர் கதவப் பூட்டிட்டு வீட்டுக்குப் போவானாவே?"

"மாட்டான் சார்."

"பொறவு நீரு மட்டும் எப்படிவே போனீரு?"

அன்றைக்குத்தான் அவர் எனக்கு நிறுத்துகிற வழிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். 'ஹால்ட்', 'பவர் ஆஃப்', 'இனிட் ஸீரோ' என்று பெயர்தான் வேறு வேறு. மூன்றுமே யாருக்கும் அவகாசம் கொடுக்காமல் உடனே நிறுத்துகிற வழி. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் பெட்டி தானே ஒழுங்காக இறங்கி மறுபடி ஏறும். எதற்கும் மசியாமல் உறைந்துவிட்டால் கடைசி மருந்தாக ஆல்ட்டோடு இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி என்று அடிக்க வேண்டும். டிஸ்கில் எழுதாமல் இருப்பதை எழுதிவிட்டு, டிஸ்கைப் பூட்டிவிட்டு, மறுபடி கிளம்பு என்று பெட்டிக்கு அதற்கு அர்த்தம். ஒயரைப் பிடுங்குவது வழிகளில் சேராது, அது கொலை என்பார்.

அவருக்குப் பிடித்தது 'ஷட்டவுன்' என்ற நீளமான கட்டளை. ஷட்டவுன், ஹைபன் ஹெச், ப்ளஸ் பத்து என்று அடித்து, பக்கத்தில் ஒரு செய்தியும் எழுத வேண்டும். உடனே எல்லாத் திரையிலும் மணி அடித்து அந்தச் செய்தி வரும். இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, கையில் இருப்பதை முடித்துவிட்டு வெளியே வாருங்கள் என்று அர்த்தம். நடுநடுவே மறுபடியும் ஞாபகப்படுத்தும். நேரம் வந்ததும் ஓடுகிற ஒவ்வொரு வேலையையும் முதலில் போகச் சொல்லிக் கேட்கும். கேட்காதவனைத்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளும். பிறகு டிஸ்கில் எழுத வேண்டியதை எழுதி, டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, நிறுத்தியாயிற்று என்று கடைசி வரி வரும். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம். அதற்கு முன்னால் வைத்த கையை ஜெயசீலன் சார் ஸ்கேலால் தட்டியிருக்கிறார்.

அதே கட்டளையில் ஹைபன் கே என்று ஒன்று உண்டு. எச்சரிக்கை மட்டும் போகும், பெட்டி நிற்காது. சாப்பாட்டு நேரத்தில் திரையைத் திறந்துபோட்டுவிட்டுக் கேன்டீனுக்குப் போகிற அக்கவுண்ட்ஸ்காரர்களை விரட்ட ஜெயசீலன் சார் அதை அனுப்புவார். யாராவது பார்த்துப் போய்ச் சொல்ல, கையில் சோற்றோடு ஓடி வருவார்கள். அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார். அந்த ஆலையில் நான் வயிறு வலிக்கச் சிரித்தது அந்தச் சமயங்களில்தான். பிறகு அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அவர் நாற்காலிக்கு வேறு ஆளே போடவில்லை, என்னையே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

சொன்னவர் ஆலை மேலாளர் சந்தானம். இவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். பேசும்போது கையைத் திருப்பித் திருப்பி அதையே பார்ப்பார், நம் முகத்தைப் பார்க்க மாட்டார். குரல் உயராது. எதையும் எழுதிக் கொடுக்க மாட்டார். இதைச் செய், அதைச் செய்யாதே என்றும் சொல்ல மாட்டார். "பாத்துக்கோங்க" என்பார். அவ்வளவுதான் உத்தரவு. செய்தது நன்றாக முடிந்தால் அவர் சொல்லிச் செய்தது. கோணலாகப் போனால், நான் பார்த்துக்கொள்ளத்தானே சொன்னேன் என்பார். மின்சாரம் போனால் கொஞ்ச நேரம் தாங்குகிற யூ.பி.எஸ். பெட்டியின் பேட்டரிகள் செத்துப்போய், அவற்றை மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டேன். "பாத்துக்கலாம்" என்றார். அப்படியென்றால் கிடையாது என்று அர்த்தம்.

லேபில் ஒவ்வொரு உருக்குக்கும் இரும்பின் சோதனை முடிவுகளை முன்பு நோட்டில் எழுதிவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். எதற்கு இரட்டை வேலை என்று நோட்டை நிறுத்தியவரும் அவர்தான். அதையும் அவர் எழுதிச் சொல்லவில்லை. "நோட்டெல்லாம் இன்னுமா?" என்று ஒரு நாள் கேட்டார், மறுநாளிலிருந்து நோட்டு இல்லை.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். வடசென்னையில் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாள் தீபாவளியைவிடப் பெரியது. முந்தின நாளே உலையைக் காலி செய்து, மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவோம். கேட்டில் பூசணிக்காய் உடையும். பொரியும் கடலையும் மூட்டையாக வந்து இறங்கும். எங்கள் ஆலையில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் காட்டுகிற நேரத்தில் ஆலைக்குள் ஒரு ஃபேன்கூட ஓடக் கூடாது. ஆயுதங்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்று மெயினையே இறக்கிவிடுவார்கள். மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து ஏற்றுவார்கள்.

எல்லாரும் கற்பூரத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்றால், முற்றத்து மூலையில் இருக்கிற பேனல் போர்டின் நெம்புகோலிடம் யார் நிற்பது? அந்த வேலையை நாங்கள் கஜா என்று கூப்பிடுகிற கஜேந்திரன்தான் ஏற்றுக்கொண்டான். எலக்ட்ரீஷியன், எம்.கே.பி. நகர்க்காரன், காண்ட்ராக்டில் இருந்தவன். அவர்கள் வீடு அவன் அப்பா காலத்திலேயே பௌத்தம் தழுவிய வீடு. "எனக்கு இன்னாபா, நான் நிக்கறேன். நீங்க போய் சாமி கும்புடுங்கோ" என்று முதல் வருஷம் அவனே சொன்னான். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அது அவன் வேலையாகிவிட்டது. பொரி வாங்க மட்டும் கடைசியில் வருவான். அவனுக்கென்று நானே ஒரு பொட்டலம் எடுத்து வைப்பேன்.

அவனுக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. பெட்டி நின்று கடைசி வரி வந்த பிறகு, நான் கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முற்றத்தில் வந்து நிற்பேன். வெறுங்காலோடு என்னைப் பார்த்தால் அவன் மெயினை இறக்குவான். ஜெயசீலன் சார் இருந்தபோது ஆரம்பித்தது இது. ஒரு வருஷமும் தவறியதில்லை.

அந்த வருஷம் கஜாவுக்கு நல்ல காலம் என்று நினைத்தோம். நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் அவன் பெயர் ஏறிவிட்டது. தீபாவளிக்குள் ஆர்டர் கைக்கு வரும் என்று டைம் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். "ஏகாண்ணா, ஆர்டர் வர்ட்டும், உனுக்கு பிரியாணி என் செலவு" என்று என்னிடம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பெண் பார்க்கவும் ஆரம்பித்திருந்தார்கள். நிரந்தர வேலை என்றால்தான் பெண் கொடுப்போம் என்று ஒரு வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்களாம்.

பூஜையன்று காலையில் லேபில் இன்னும் வேலை முடியவில்லை. வெளிநாட்டுக்குப் போகிற வார்ப்புகள் கன்டெய்னரில் ஏற்றி, பூட்டி, முத்திரை வைத்துத் தயாராக இருந்தன. விடுமுறை முடிந்ததும் துறைமுகத்துக்குப் போக வேண்டும். அவற்றின் சோதனை முடிவுகளை முழுக்க ஏற்றிவிட வேண்டும் என்று மேலாளரே லேபுக்குச் சொல்லியிருந்தார். சொன்னது வழக்கம்போல "பாத்துக்கோங்க" என்றுதான்.

லேபிலிருந்து இன்னும் கொஞ்சம்தான் என்று சொன்னதும், நான் ஷட்டவுன் ப்ளஸ் பத்து அடித்தேன். எல்லாத் திரையிலும் எச்சரிக்கை போயிற்று. அந்த நேரம் பார்த்து முதலாளியின் மகன் குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். முற்றத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மேலாளர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் போகிறது என்று யாரோ சொன்னார்கள். நான் வாசலில் வந்து நின்று, காலில் செருப்போடு, கஜாவைப் பார்த்து உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். பொறு என்று அர்த்தம். அவனும் தலையை ஆட்டினான்.

மேலாளர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"இறக்கு."

"சார், ஏகாண்ணா இன்னும் செருப்பு..."

"நான் சொல்றேன்ல? இறக்குப்பா."

எனக்குத் தெரிந்து அந்த மனிதர் தன் வாயால் நேராகக் கொடுத்த ஒரே உத்தரவு அதுதான். கஜா இறக்கினான். ஃபேன்கள் சுற்றி அடங்கின. என் முதுகுக்குப் பின்னால் டிஸ்க் சுழன்று ஓய்கிற சத்தம் கேட்டது. ஓடி உள்ளே போய்ப் பார்த்தேன். திரை இருட்டாக இருந்தது. மெயினை மறுபடி ஏற்றினால் உடனே பார்த்துவிடலாம் என்று மேலாளரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். பூஜை நடுவில் என்ன பேச்சு என்பதுபோல் கையைக் காட்டி நிறுத்தினார். மணி அடித்தார்கள், கற்பூரம் எரிந்தது. தட்டிலிருந்து பொரியை அவரே அள்ளி என் கையில் போட்டார். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

மறுநாள் பெட்டி எழவில்லை. டிஸ்கைச் சோதிக்கிற நிரல் ஓடி, இந்தத் துண்டைச் சரிசெய்யவா, இதை நீக்கவா என்று கேட்டுக்கொண்டே போனது. ஆமாம் ஆமாம் என்று அடித்து அடித்து விரல் மரத்துப்போயிற்று. யாருக்குச் சொந்தம் என்று தெரியாத துண்டுகளையெல்லாம் அது பெயரை எடுத்துவிட்டு வெறும் எண்களாக ஓர் அறையில் கொண்டுபோய்க் குவித்தது. ரயில் விபத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் அடையாளம் தேடுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அக்கவுண்ட்ஸ் பிழைத்தது, ஸ்டோர்ஸ் பெரும்பாலும் பிழைத்தது. லேபின் கோப்பு திறந்து எழுதிக்கொண்டிருந்தபோது அடிபட்டதால் அது குப்பையாகிவிட்டது. நகல் எடுக்கிற டேப் டிரைவ் கடல் காற்றில் துருப்பிடித்துக் கிடந்து, கடைசியாக உருப்படியாக எடுத்த டேப்பில் அந்தச் சரக்கே இல்லை. லேபில் நோட்டும் இல்லை.

சோதனைச் சான்றிதழ் இல்லாமல் சரக்கை ஏற்க மாட்டோம் என்று வாங்குகிறவரின் ஏஜென்ட் சொல்லிவிட்டார். முத்திரையை உடைத்து, எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி சோதனை செய்வதற்குள் கப்பல் போய்விட்டது. அதோடு ஆர்டரும் போயிற்று. முதலாளி வீட்டில் கொந்தளித்தார்கள். யார் செய்தது என்று ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. மெயினை இறக்கியவன் கஜேந்திரன் என்று மேலாளர் பெயரைக் கொடுத்தார். பொய் என்று சொல்ல முடியாது, இறக்கியது அவன் கைதானே.

காண்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணை வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் நிரந்தரப் பட்டியலில் பெயர் வந்துவிட்டதால், பின்னால் வழக்கு வரக் கூடாது என்று ஒரு வக்கீலை உட்கார வைத்து விசாரித்தார்கள். கேன்டீன் பக்கத்து ஹாலில் மூன்று நாற்காலி, ஒரு மேஜை. எதிரில் கஜா நின்றான், உட்காரச் சொல்லவில்லை.

அன்று முற்றத்தில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் என் முறைக்காக வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மோல்டிங் பகுதி மேஸ்திரி, ஸ்டோர்ஸ்காரர், டெஸ்பாட்ச்காரர். மேலாளர் ஏதாவது சொன்னாரா என்ற ஒரே கேள்விதான். மணி அடிச்சிட்டு இருந்துது சார், காதுல விழல என்று ஒருவர் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். மணியே அடிக்காத நேரத்தில் சொன்ன வார்த்தை அது. மணியை அடித்தவரே வந்து, மணிச் சத்தத்தில் கேட்கவில்லை என்றார். கஜாவை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக அவர்கள் சாமி கும்பிடட்டும் என்று அவர்களுக்காக ஓரமாக நின்றவன் அவன்.

மேலாளர் தம் முறை வந்தபோது குரலை உயர்த்தாமல் பேசினார். கற்பூரத்தில் கவனமாக இருந்ததால் பின்னால் நடந்ததைப் பார்க்கவில்லை என்றார். கடிகாரத்தைப் பார்த்தபடி இன்னொன்றும் சொன்னார். "அவருக்கு நம்ம பூஜையில எல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் அதைத் தப்பா சொல்லல. சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போகலாம்னு நினைச்சிருக்கலாம்." வக்கீல் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். கஜா அதுவரை வாயைத் திறக்கவில்லை. அதைக் கேட்டதும், "சார், இன்னா சார் இது..." என்று ஆரம்பித்தான். உன்னைக் கேட்கும்போது பேசு என்றார் வக்கீல். பிறகு அவனைக் கேட்டபோது, மேலாளர் சொல்லித்தான் இறக்கினேன் என்ற ஒரு வரியைச் சொன்னான். அதற்குச் சாட்சி யாராவது உண்டா என்றார்.

என் முறை மத்தியானத்துக்குப் பிறகு. இடைவேளையில் சங்கச் செயலாளர் என்னை டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். திருவொற்றியூரில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், கெட்டவர் இல்லை.

"ஏகா, நீ இன்னா சொல்லப் போற?"

"நடந்தத."

"அவன் நம்ம மெம்பர் இல்லப்பா. காண்ட்ராக்ட் ஆளு. நம்மாளுங்க அம்பது பேரு கீறாங்க, நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா இந்த மேனேஜர் கிட்டதான் போய் நிக்கணும். உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"உன் காதுலயும் மணிச் சத்தம்தானா?"

அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் சொன்னேன். மேலாளர் சொன்ன இரண்டு வாக்கியங்களையும், கஜா நடுவில் சொன்னதையும், எந்த இடத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சொன்னேன். செருப்பு ஏற்பாட்டையும் சொன்னேன். அப்படி ஒரு ஏற்பாடு எந்த விதியில் இருக்கிறது என்றார் வக்கீல். விதியில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது என்றேன்.

"மத்தவங்க யாருக்கும் கேக்காதது உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?"

"மத்தவங்களுக்கும் கேட்டுதுங்க. காது எல்லாருக்கும் இருக்கு, வாய்தான் இல்ல."

"கம்ப்யூட்டரை நீங்க அரை மணி நேரம் முன்னாடியே நிறுத்தியிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதே?"

"லேப் வேலைய முடிக்கச் சொன்னவரு அவருங்க. முடிக்க விடாம மெயினை இறக்கச் சொன்னவரும் அவருங்க. நடுவுல நான் எதை நிறுத்தறது?"

மேலாளர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான். கோபம் ஒன்றும் தெரியவில்லை. தன்னைக் காத்துக்கொள்வதற்காக இப்படிப் பேசுகிறார், பாவம் என்கிற மாதிரி ஒரு பார்வை. என் தப்பை மறைக்க நான் சொன்ன வார்த்தை என்றே வக்கீலின் அறிக்கையில் வந்தது. ஒருவன் கேட்டது என்கிறான், மற்றவர்கள் எல்லாரும் கேட்கவில்லை என்கிறார்கள், எதை நம்புவது? கஜாவின் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். தீபாவளிக்கு முன்னால் மற்றவர்களுக்கு ஆர்டர் வந்தது. இனிப்பு கொடுத்தார்கள், நான் எடுக்கவில்லை.

யூ.பி.எஸ். பேட்டரிகள் அதே வாரம் வந்து இறங்கின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்வார்களே, அதுதான். என்னை அந்த மாதமே கம்ப்யூட்டர் அறையிலிருந்து எடுத்து, கேட்டில் லாரிகளை நிறுத்தி எடை போடுகிற எடைமேடைக்கு அனுப்பினார்கள். எழுத்தில் உத்தரவு இல்லை. "கொஞ்ச நாளைக்கு அங்க பாத்துக்கோங்க" என்றார் மேலாளர். ஓய்வு பெறுகிற வரைக்கும் அங்கேதான் பார்த்துக்கொண்டேன். எண்ணூர் சாலையின் தூசி முழுக்க என் நுரையீரலில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் அறைக்கு வந்த புது ஆள் ஹால்ட் என்று அடித்துவிட்டு வீட்டுக்குப் போவார் என்று கேள்விப்பட்டேன். மேலாளர் பதவி உயர்ந்து வேறு ஆலைக்குப் போனபோது ரோஜா மாலை போட்டு வழியனுப்பினார்கள். மணி அடித்தவர்தான் வாழ்த்துரை வாசித்தார். நான் எடைமேடையை விட்டு இறங்கவில்லை.

சில வருஷம் கழித்து எம்.கே.பி. நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கஜாவைப் பார்த்தேன். குடியிருப்புக்குக் கீழே மிக்ஸி, ஃபேன் மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிற சின்னக் கடை வைத்திருந்தான். முடி முன்பக்கம் கொட்டியிருந்தது.

"வாண்ணா, இன்னா இந்தப் பக்கம்?" என்று எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ வரவழைத்தான். பெண் பார்த்த விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்க வந்து, கேட்காமல் இருந்துவிட்டேன். அவனே பேச்சை எடுத்தான்.

"ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு இருந்தேண்ணா. அன்னிக்கி நீ இன்னாத்துக்கு மேனேஜர் பேர சொன்ன?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்த ஆளு சொன்னதத்தானடா சொன்னேன். வேற யாரு உனக்காகப் பேசினாங்க?"

"யாரும் பேசல. நீயும் பேசாம இருந்தீனா நல்லதா பூட்ருக்கும். காண்ட்ராக்டரு என்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாருண்ணா. வாய மூடிகினு பாஸ குடுத்துட்டு வா, மணலியாண்ட வேற கம்பெனில போட்டு உட்றேன்னு சொன்னாரு. நானும் ஒரு வார்த்தைக்கு மேல பேசாம நின்னேனா இல்லியா? நீ வந்து புட்டு புட்டு வச்ச. மேனேஜர் அவர கூப்ட்டு, இவன எந்த கேட்ல உட்டாலும் உன் காண்ட்ராக்ட் கட்டுன்னுட்டாரு. ரெண்டு வருசம் கேட்டு கேட்டா ஏறி எறங்கினேன்."

"இது எனக்குத் தெரியாது கஜா."

"தெர்யாதுன்னு தெரியும்ணா. அதுக்கோசரம் உன்ன திட்டல."

"பின்ன நானும் மணி அடிச்சுதுன்னு சொல்லியிருக்கணுமா?" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உண்மையச் சொன்னதுக்குத்தான் என்னையும் தூக்கி எடைமேடையில போட்டான். ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்த வெயில்லதான் கிடந்தேன். நானும்தான் அனுபவிச்சேன்."

அவன் கையில் இருந்த செப்புக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"எனக்கும் தெரியும். சொன்னாங்க. மனசு கஷ்டமாத்தான் இருந்துது," என்றான். "ஆனா எடமேடைலயும் மாசம் பொறந்தா சம்பளம் வந்துதுல்லண்ணா?"

எடைமேடைக்குப் போனதை அதுவரை நான் எல்லாரிடமும் தண்டனை என்றே சொல்லிவந்தேன். அன்றைக்குப் பிறகு யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை.